பினியன் மூக்கைத் தூக்கினால்: பட்டை ஸ்பிரிங் ஜீப்பில் செய்யக் கூடாதவை

என் பழைய ஜீப்பில் ஒரே மழைக்காலத்தில் இன்ஜின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் பின்பக்கக் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) மூன்று முறை உடைந்தது. முதல் முறை உதிரிபாகம் மட்டம் என்றேன். இரண்டாம் முறை மெக்கானிக் மேல் பழி போட்டேன். மூன்றாம் முறைதான் புத்தி வந்தது. செல்பேசியைச் சேஸிஸுக்கு அடியில் ஒட்டுநாடாவால் கட்டி, பின் ஆக்சிலைப் படம்பிடித்தபடியே ஒரு மேட்டில் ஏறினேன். கிளட்சை விட்டதும் பினியன், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் மூக்கு, முட்ட வரும் மாடு தலையைத் தூக்குவதுபோல் மேலே எழுந்தது. பட்டைகள் பாம்புபோல் நெளிந்தன. சக்கரம் பிடி நழுவியதும் ஒரே உதறலில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. பிடி கிடைத்ததும் மறுபடி நெளிவு, மறுபடி உதறல். அந்த உதறல்தான் கிராஸைத் தின்றுகொண்டிருந்தது.

சக்கரம் முன்னோக்கி உருளும்போது ஆக்சில் ஹவுசிங் (ஆக்சிலை மூடிய இரும்புக் கூடு) பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். காயில் ஸ்பிரிங் வண்டியில் அதைத் தடுக்கத் தனிக் கைகள் உண்டு. பட்டை ஸ்பிரிங் வண்டியிலோ எடை தாங்குவதும் ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவதும் அதே பட்டைகள்தான்.

எல்லாரும் செய்யும் முதல் தவறு, நானும் செய்தது, உயரத்துக்காக ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது. கணக்கு எளிது. டயர் தரையை உதைக்கும் விசை, தரையிலிருந்து பட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அத்தனை நீளமுள்ள நெம்புகோலாகப் பட்டையை முறுக்குகிறது. 31 அங்குல டயரில் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து சுமார் 15 அங்குலத்தில் இருக்கும். மாருதி ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால் நெம்புகோல் ஏறக்குறைய 12.5 அங்குலம். பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றிப் பூட்டினால், நம் ஊர் ஜிப்சிக்காரர்களின் விருப்பமான வேலை அது, 17.5 ஆகிவிடும். அதே உதைக்கு நாற்பது சதவீதம் கூடுதல் முறுக்கு. அதன்மேல் 3 அங்குலக் கட்டையும் வைத்தால் 20.5. பெரிய டயர் போட்டாலும் இதே கதைதான். முன் ஆக்சிலில் கட்டை வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரேக் அடிக்கும்போது அது நழுவினால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை.

அடுத்து, பட்டறையில் சொல்லும் தீர்வு: “இன்னும் இரண்டு பட்டை சேர்த்துவிடலாம்.” நெளிவு குறையும், உண்மை. ஆனால் பாறையில் ஒரு சக்கரம் தொங்க வேண்டிய இடத்தில் வண்டியே தூக்கிக்கொண்டு நிற்கும். முதுகெலும்பும் தனியாகப் புகார் கொடுக்கும். சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஆக்சிலுக்கு முன்னால் உள்ள பாதிக்கு மட்டும் ஒரு குட்டைப் பட்டை போதும். இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப்பிலேயே இடது முன் ஸ்பிரிங்குக்கு அடியில் முறுக்கைத் தாங்க இப்படி ஒரு துணைப் பட்டை உண்டு.

சரியான மருந்து, ஹவுசிங்கிலிருந்து முன்னோக்கி நீளும் முறுக்குத் தடுப்புக் கை. அதையும் கெடுத்துவிடலாம். பட்டை அமுங்கி நிமிரும்போது ஆக்சில் மேலும் கீழும் மட்டுமல்ல, முன்னும் பின்னும் நகர்கிறது. கையின் முன்முனையைச் சேஸிஸில் வெறும் போல்ட்டால் இறுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பற்றவைப்பு பிளக்கும், அல்லது பட்டையின் முனையிலுள்ள வளையமான கண் கிழியும். முன்முனை செங்குத்தான ஷாக்கிளில் (ஊசலாடும் இணைப்புத் தகட்டில்) தொங்க வேண்டும்: முன்பின் ஆடலாம், மேலே எழக் கூடாது. ஹவுசிங் பக்கம் மேலும் கீழுமாக இரண்டு பிடிப்பு. நீளம் புரொபெல்லர் ஷாஃப்டை ஒட்டி இருக்கட்டும். குட்டையான கை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி உதைக்கும். அழகுக்காக இடமும் வலமும் ஒவ்வொன்று போடுவது வீண். ஆக்சில் ஒரு பக்கம் சாயவே இரண்டும் விடாது; ஒன்றே போதும்.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துப் பினியனைத் தூக்கி விடுவது இன்னொரு வேடிக்கை. இழுக்கும்போது அது தானாகவே எழும். ஆகவே நிற்கும் நிலையில் மூக்கு ஓரிரு பாகை தாழ்ந்திருப்பதே நல்லது.

குதிக்கத் தொடங்கிய வண்டியில் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பவர்களுக்கு எந்தக் கையும் உதவாது. காலை எடுங்கள், பின்வாங்குங்கள், வேறு தடத்தில் மெதுவாக ஏறுங்கள்.

நான் கட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டேன். வண்டி நான்கு விரல் தாழ்ந்தது, நண்பர்கள் கேலி செய்தார்கள். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் புதியவை. ஒருமுறை இறுக்கி இழுபட்டதைத் திரும்பப் பூட்டுவதில்லை. புதியவையும் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும். போன ஞாயிற்றுக்கிழமை முடுக்கிப் பார்த்தேன், நான்கில் மூன்று நட்டுகள் கால் சுற்று திரும்பின.