எட்டு போட்டால் மட்டும் போதாது: டூவீலர் லைசென்ஸுக்குத் தயாராகிறவர்கள் செய்யும் தவறுகள்

டூவீலர் லைசென்ஸ் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எட்டு. எட்டு போடத் தெரிந்துவிட்டால் லைசென்ஸ் கையில் வந்த மாதிரி என்று சொல்லியே பிள்ளைகளை அனுப்புகிறோம். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 15-ஆவது விதியைப் பார்த்தால், சோதனை நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, பாதுகாப்பாகக் கிளம்புவது, கியரைத் தடுமாறாமல் மாற்றுவது, இடப்பக்கம் ஒட்டி ஓட்டுவது, திரும்புமுன் சரியான நேரத்தில் சைகை காட்டுவது, அவசரத்தில் நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு. சோதனை நாளன்று திடலில் இவை அத்தனையையும் பார்க்காமல் போகலாம். ரோட்டில் நாளை எல்லாமே வேண்டும்.

தவறு சோதனைத் திடலில் தொடங்குவதில்லை. எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுக்காமலேயே வண்டி பழகுவதில்தான் தொடங்குகிறது. ‘மெயின் ரோட்டுக்குப் போகலையே, புது லேஅவுட்டில்தானே ஓட்டுகிறான்’ என்பது வழக்கமான சமாதானம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம் எதுவானாலும் அது ‘பொது இடம்’தான், வீடே எழும்பாத லேஅவுட் ரோடும் அதில் அடங்கும். லைசென்ஸோ எல்.எல்.ஆரோ இல்லாமல் அங்கே ஓட்டுவது 5,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக அபராதம் உண்டு. இதைவிடப் பெரிய கவலை வேறு. அந்த வண்டியால் யாராவது அடிபட்டால், இழப்பீட்டைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அதை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

பெற்றோர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்க வேண்டும். 16 வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம் என்று பாதியை மட்டும் தெரிந்துகொண்டு, பிளஸ் ஒன் படிக்கும் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறார்கள். 16 வயதில் அனுமதி இருப்பது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான்; அதற்கும் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். இன்று வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. அவற்றுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காது. ‘கடைக்குத்தானே போய்ட்டு வர்றான்’ என்று சொல்லும் அப்பா ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து இதை யோசித்தே ஆக வேண்டும்.

எல்.எல்.ஆர். வந்த பிறகும் அது முழு லைசென்ஸ் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். அந்த அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர். பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுவது இதில் சேராது. லைசென்ஸ் உள்ள, கற்றுத் தருகிற ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்கிறது விதி. பின் ஸீட்டில் அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. அதாவது, எல் போர்டு மாட்டிக்கொண்டு தங்கையை டியூஷனில் விடப் போவது விதிமீறல்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் சோதனைக்குப் போக முடியும். இந்த 30 நாளை வெறும் காத்திருப்பாக நினைப்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சோதனைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளி மைதானத்தில் நாலு சுற்று எட்டு போட்டுவிட்டு வருகிறவரை, திடலில் வண்டி எடுக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தினமும் அரைமணி நேரம் ஓட்டினால் போதும். முதல் வாரம் கிளம்புவதும் நிறுத்துவதும், பிறகு மெதுவாக நேராக ஓட்டுவது, அதன் பிறகே வளைவுகள் என்று போனால் எட்டு தானாக வந்து சேரும்.

எட்டில் கால் ஊன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம் இல்லை, பார்வை. முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி தடுமாறும். வளைவில் நுழையும்போதே கழுத்தைத் திருப்பி, அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கை தானே அங்கே திரும்பும். கியர் வண்டியில் ஹாஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் பிடித்தபடி, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவாகப் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் லேசாகக் கட்டுப்படுத்துங்கள். ஹேண்டில் பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும். கிளட்ச்சை முழுக்கப் பிடித்தாலும் இழுவை அற்றுப்போய்க் கால் தரைக்கு வந்துவிடும். ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: 2019-க்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்தே வேலை செய்யும். பழைய ஸ்கூட்டரில் பழகியவர் அதே பலத்தில் பிடித்தால் வளைவில் சட்டென்று நின்றுவிடுவார். எந்த வண்டியில் சோதனை கொடுக்கப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள். அன்று காலை பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிப் போகாதீர்கள்.

கியர் இல்லாத வண்டியில் சோதனை கொடுத்தால், கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். எளிது என்று அதை எடுத்துவிட்டு, பிறகு கியர் பைக் ஓட்டுவது உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். விண்ணப்பிக்கும்போதே வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

கை சைகையைப் பலர் படித்து மட்டும் வைத்திருக்கிறார்கள். சைகை காட்ட வேண்டியது வலது கை. ஆக்ஸிலேட்டர் இருப்பதும் வலது கையில்தான். கையை எடுத்ததும் வேகம் குறைந்து வண்டி ஆடும். ஆகவே ஆளில்லாத நேர் ரோட்டில், இடது கையால் மட்டும் ஹேண்டிலைப் பிடித்து ஓரிரு நொடி ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்ப வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்ட வேண்டும். வேகம் குறைக்க, நீட்டிய கையின் உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். சைகைக்கு முன் கண்ணாடி பார்ப்பதும் இதோடு சேர்ந்த பழக்கம்.

சோதனை நாளில் ஹெல்மெட் இல்லாமல் போய் நிற்பது கொஞ்சமும் ஏற்க முடியாத தவறு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், வார் மாட்டியபடி. வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹார்ன் வேலை செய்ய வேண்டும். கண்ணாடியைக் கழற்றிப்போட்ட வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.

திடலுக்கு வெளியே ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று வந்து நிற்கும் புரோக்கரிடம் பணம் கொடுப்பதும் அதே ரகம். விண்ணப்பம், கட்டணம், தேதி எல்லாமே மத்திய அரசின் ‘சாரதி’ (Sarathi) இணையதளத்தில் நீங்களே முடிக்கக் கூடியவை. லஞ்சம் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் உங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தராது. அந்தக் குறைக்கு விலை கொடுப்பவர் ரோட்டில் உங்கள் எதிரே வருகிற, ஒரு தவறும் செய்யாத யாரோ ஒருவர்.

தேறவில்லையென்றால் அவமானம் ஒன்றுமில்லை. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் கடைசிச் சோதனையிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். திருத்தப்பட்ட சட்டப்படி பயிற்சிப் பள்ளியில் கூடுதல் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஆகவே எங்கே தவறியது என்று ஆய்வாளரிடம் மரியாதையாகக் கேட்டு, அந்த ஒன்றை மட்டும் அந்த ஏழு நாளில் பழகுங்கள். எல்.எல்.ஆர். காலாவதி ஆகும் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது முடிந்துவிட்டால் முதலில் எல்.எல்.ஆரைத்தான் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.