இரண்டு அணிகளைப் பெருக்க முடியுமா என்று பார்ப்பது எப்படி?

எண்களைச் செவ்வகமாக அடுக்கி எழுதியதே அணி (matrix). முதலில் ஒவ்வோர் அணியின் வரிசையையும் எழுதிக்கொள்ளுங்கள். கிடைமட்டமாகச் செல்வது நிரை, மேலிருந்து கீழாகச் செல்வது நிரல். நிரைகளின் எண்ணிக்கையை முன்னும் நிரல்களின் எண்ணிக்கையைப் பின்னும் எழுதினால் கிடைப்பதே வரிசை. பேச்சுவழக்கில் வரிசை என்றவுடன் ஒரு நிரைதான் நினைவுக்கு வரும் என்பதால், இந்தக் கலைச்சொல் தொடக்கத்தில் சற்றுக் குழப்பும்.

இரண்டு வீடுகளுக்கு ஒரு மாதத்திற்குத் தேவையான அரிசி (கிலோ), பருப்பு (கிலோ), எண்ணெய் (லிட்டர்) ஆகியவற்றை ஒரு வீட்டுக்கு ஒரு நிரையாக எழுதுவோம். இது தேவை அணி, வரிசை 2×3.

5  1  2
10  2  1

அதே பொருள்களுக்கு இரண்டு கடைகள் சொல்லும் விலையை, ஒரு கடைக்கு ஒரு நிரலாக, ரூபாயில் எழுதுவோம். இது விலை அணி, வரிசை 3×2.

60  55
150  160
200  210

அடுத்து, பெருக்கப்போகும் முறைப்படியே வரிசைகளை அருகருகே எழுதுங்கள்: 2×3, 3×2. உள்ளே இருக்கும் இரண்டு எண்களும் (3, 3) சமமாக இருந்தால் மட்டுமே பெருக்கல் வரையறுக்கப்படும். வெளியே நிற்கும் எண்கள் (2, 2) விடையின் வரிசையைத் தரும்.

இந்த நிபந்தனையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் அணியின் நிரையிலுள்ள ஒவ்வோர் உறுப்பையும் இரண்டாம் அணியின் நிரலில் அதற்கு நேரான உறுப்போடு பெருக்கிக் கூட்டுவதுதான் அணிப் பெருக்கல் என்பதால், இரண்டிலும் உறுப்புகளின் எண்ணிக்கை வேறுபட்டால் ஏதேனும் ஓர் உறுப்பு இணையின்றி நின்றுவிடும். முதல் வீடு முதல் கடையில் வாங்கினால் 5×60 + 1×150 + 2×200 = 850 ரூபாய். மற்றவற்றையும் இவ்வாறே கணக்கிட்டால்:

850  855
1100  1080

முதல் வீட்டுக்கு முதல் கடையும் இரண்டாம் வீட்டுக்கு இரண்டாம் கடையும் மலிவு.

இனி இடம் மாற்றிப் பாருங்கள். 3×2, 2×3 என்று எழுதும்போதும் உள்ளெண்கள் சமமே. ஆகவே பெருக்கல் வரையறுக்கப்படுகிறது, ஆனால் விடை 3×3. எந்த அணி முன், எந்த அணி பின் என்பதை மாற்றிப் பெருக்கினால் விடை பொதுவாக மாறும் என்பதைக் கணிதவியலாளர் ஆர்தர் கெய்லி 1858இல் அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே காட்டியிருக்கிறார். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, இங்கே கடைகளின் எண்ணிக்கையும் வீடுகளின் எண்ணிக்கையும் தற்செயலாக ஒத்துப்போவதால்தான் இந்தப் பெருக்கல் நடக்கிறது என்பதே; கடைக்கு நேராக வீட்டை வைத்துப் பெருக்கிய அந்த 3×3 அணிக்குப் பொருள் ஏதும் இல்லை. எண்களோடு அவை எவற்றைக் குறிக்கின்றன என்பதையும் சரிபாருங்கள்.

ஒரே கடை இருந்தால் விலை அணி 3×1 ஆகும். அப்போது 2×3, 3×1 என்பது 2×1 விடையைத் தரும். 3×1, 2×3 என்று மாற்றினால் உள்ளெண்கள் 1, 2 என்பதால் பெருக்கலே இல்லை.