அடியோடு மாற்றச் சொல்லாதீர்கள்: அமெரிக்க அரசுத் தரவில் மெட்ரிக் கேட்கும் முறை

அமெரிக்க அரசுத் துறைகளின் தரவுக் கோப்புகளில் நீர்மட்டம் அடியிலும் மழை அங்குலத்திலும் இருப்பது சகஜம். "எல்லாவற்றையும் மெட்ரிக்குக்கு மாற்றுங்கள்" என்று எழுதினால் நன்றி சொல்லி ஒரு பதில் வரும், அதோடு சரி. ஒரு நெடுவரிசையின் அலகு திடீரென மாறினால், அதை நம்பி ஓடும் நிரல்கள் எல்லாம் சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடும். துறையின் பயம் நியாயமானதுதான். அதனால் சேர்க்கச் சொல்லுங்கள்: பழைய நெடுவரிசை அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் மெட்ரிக்கில் ஒன்று வரட்டும்.

எழுதுமுன், கேட்பது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய வானிலை சேவையின் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டு வாங்கும் வழி) முன்னறிவிப்பை ஃபாரன்ஹீட்டில் தரும். எஸ்ஐ (பன்னாட்டு மெட்ரிக்) அலகு வேண்டும் என்று கோரிக்கையில் குறிப்பிட்டால் செல்சியஸில் தந்துவிடும். புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நீர்த் தரவில் ஒவ்வொரு வகை அளவீட்டுக்கும் ஓர் எண் குறியீடு உண்டு; அலகு அந்தக் குறியீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 00060 என்றால் நீரோட்டம், வினாடிக்குக் கன அடியில். 00065 என்றால் நீர்மட்டம், அடியில். கன மீட்டருக்கு 30208, மீட்டருக்கு 30207 என்ற குறியீடுகளும் அதே பட்டியலில் உண்டு. "உங்களிடம் இருக்கும் குறியீட்டையே இந்த நிலையத்துக்கும் நிரப்புங்கள்" என்று கேட்பது, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்வதைவிட எளிதில் நடக்கும்.

கடிதம் ஒன்றுக்கு ஒரு தரவுத்தொகுப்பு போதும். மெட்டாடேட்டாவில் (தரவைப் பற்றிய விவரக் குறிப்பில்) உள்ள தொடர்பு மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். கோப்பின் பெயர், நெடுவரிசை, இப்போதைய அலகு, வேண்டிய அலகு, மாற்றக் காரணி (எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பது), தசம இடங்கள் ஆகியவற்றோடு, மாற்றிக் காட்டிய ஐந்து வரிகளையும் வையுங்கள். புதிய நெடுவரிசையின் பெயரிலேயே அலகு இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

சட்டத்துக்கு ஒரு வரி போதும். 1975-இன் மெட்ரிக் மாற்றச் சட்டத்தில் 1988-இல் செய்த திருத்தம், வணிகத்துக்கு விரும்பத்தக்க அளவை முறை மெட்ரிக்கே என்கிறது; 1991-இன் 12770-ஆம் நிர்வாக ஆணை அதை நடைமுறைப்படுத்தச் சொல்கிறது. ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாத இடங்களுக்கு விலக்கும் உண்டு. மிரட்டலாக நீட்டினால் அந்த விலக்கைத்தான் பதிலாகக் காட்டுவார்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் கணக்கில்தான். ஒரு அடி சரியாக 0.3048 மீட்டர், ஒரு கன அடி 0.028316846592 கன மீட்டர். காரணியை முழுதாகக் கொடுங்கள், வட்டமாக்குவது கடைசியில். 0.01 அங்குல மழை 0.254 மில்லிமீட்டர், முழு எண்ணாக்கினால் சுழியாகி, மழை பெய்த நாளே காணாமல் போகும். ஒரு தசம இடம் கட்டாயம். வெப்பநிலை வித்தியாசத்தில் 32-ஐக் கழிக்கக் கூடாது: இயல்பைவிட 1.8 பாரன்ஹீட் கூடுதல் என்றால் 1 செல்சியஸ் கூடுதல், அவ்வளவுதான்.

நில அளவைக் கோப்பு என்றால் எந்த அடி என்று கேட்டுவிடுங்கள்: மேலே சொன்ன 0.3048 மீட்டர் அடியா, அதைவிடத் துளி நீளமான நில அளவை அடியா? அமெரிக்க நில அளவை அடியின் பயன்பாடு 2022 முடிவோடு நிறுத்தப்பட்டது. பழைய கோப்புகளில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆயத்தொலைவு (ஓர் இடத்தைக் குறிக்கும் தூர எண்) இருபது லட்சம் அடியாக இருந்தால் அதுவே நான்கு அடி, ஏறக்குறைய 1.2 மீட்டர், தள்ளிப் போய்விடும்.

புதிய நெடுவரிசை வெளிவந்ததும் முதலில் வெற்றுப் பதிவுகளைப் பாருங்கள். அளவீடு இல்லாத இடத்தில் -999 என்று குறித்திருந்தால், அடியை மீட்டராக்கக் கண்மூடித்தனமாகப் பெருக்கும் நிரல் அதை -304.5 ஆக்கிவிடும். பார்த்தால் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள உண்மையான அளவு போலவே இருக்கும். கோப்பில் -304.5 என்று தேடுங்கள். கிடைத்தால் அந்த வரி எண்ணோடு அதே மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.