ரெய்டு போட்டாலும் பேக்கப் வேண்டும்

ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே எழுதும் முறை) இருந்தால் ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் நிற்காது, அவ்வளவுதான். தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் போய்விடும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் அப்படித்தான்.

சாட்டா டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்) 5, 197 எண் வரிகளைப் பாருங்கள்: பழுதாகி மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் நிற்பவை. எண்ணிக்கை ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். அப்போது பழுதானதை விட்டு நல்லதை உருவிவிடுவதுதான் பெரிய விபத்து. சீரியல் எண்ணை டிஸ்க் செருகும் ட்ரேயில் முன்பே ஒட்டிவையுங்கள்.

பேக்கப்புக்கு இரண்டு யுஎஸ்பி டிஸ்க். மாற்றி மாற்றி ஒன்று எப்போதும் கழற்றி வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஃபைல்களை ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை வெறுமனே காப்பி எடுத்திருந்தால், பேக்கப் பதிவு (லாக்) 'வெற்றி' என்றாலும் பல சமயம் திறக்காது.