வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்துக்குப் பயணிகளை அழைத்து வரும் புதிய வழிகாட்டிகள், மூத்த வழிகாட்டிகளான நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பதைப் பற்றியெல்லாம் எழுதத் தேவையில்லை. கதையையே கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மேலிருந்து கீழாகப் படிப்பது

13ஆம் நூற்றாண்டுச் சாளரங்களில் பெரும்பாலானவற்றை அடியிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். இயேசு சொன்ன உவமையைக் காட்டும், இங்குள்ள நல்ல சமாரியர் சாளரத்தின் அடியில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; சாளரத்தைக் காணிக்கையாக்கியவர்கள் அவர்களே என்பது வழக்கமான விளக்கம். அவர்களுக்கு மேல், எருசலேமிலிருந்து புறப்பட்டவன் கள்வரிடம் அடிபடுகிறான். கோயில் குருவும் கோயில் பணியாளரான லேவியரும் விலகிப் போக, சமாரியர் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறார். அதற்கும் மேலே ஆதாம் படைக்கப்படுகிறார். அவர் ஏதேன் தோட்டத்தை இழப்பதும் அவருடைய மகன் காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்வதும் தொடர, உச்சியில் கிறிஸ்து வீற்றிருக்கிறார். அடிபட்டவனே ஆதாம், சமாரியரே கிறிஸ்து என்று இடைக்கால இறையியலார் உவமைக்குத் தந்த பொருள் முழுவதும் இந்த அடுக்கில்தான் அடங்கியிருக்கிறது.

மேலிருந்து தொடங்கினால் காயின் கொலை செய்த பிறகுதான் ஆதாம் பிறப்பார். ஓர் இளம் வழிகாட்டி அப்படியே விளக்கிக்கொண்டு வந்து, கடைசியில் செருப்புத் தொழிலாளர்களைக் காட்டி, "இவர்கள் இயேசு குணமாக்கிய ஏழைகள்" என்று முடித்தார். கேட்டவர்கள் பக்தியோடு தலையாட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

இதையே மாறாத விதியாக்கிக்கொள்வதும் ஆபத்து. பூர்ஜ் பேராலயத்தில் இதே உவமை மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே, ஐயமின்றித் தெரிந்த ஒரு காட்சியை முதலில் கண்டுபிடித்து, அடுத்த காட்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பின்னரே வாய் திறக்க வேண்டும்.

ஒளிவட்டம் கண்டதும் "இயேசு" என்பது

வட்டத்துக்குள் சிலுவை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்; அது கடவுளுக்கும் கிறிஸ்துவுக்கும் உரிய அடையாளம். புனிதர்களுக்கு அது இராது. ஆதாமைப் படைப்பவருக்கு இருக்கும்.

கறுப்புக் கோடுகளை விரிசல் என்பது

அவை துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைகள்.

கண்ணாடி வழிந்து அடியில் தடித்தது என்பது

வழியவில்லை.

ஒரு சாளரம் முழுவதும் ஒரே காலத்தது என்பது

நீல அன்னை சாளரத்தில், சிவப்புப் பின்னணியில் வெளிர்நீல ஆடையோடு அமர்ந்திருக்கும் மரியாவும் மடியிலுள்ள குழந்தையும் 1194 தீவிபத்தில் தப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. இருபுறமும் சூழ்ந்து நிற்கும் வானதூதர்கள், புதிய பேராலயத்தில் அதைப் பொருத்தியபோது 13ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவர்கள்.