ஜீப்புக்கு ஒரு டிராயர் பெட்டி: இருபது வளைவுக்கும் அசையாமல் இருக்க

ஏற்காட்டுப் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எதுவானாலும் அதற்குப் பேர் ஜீப்தான். பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதும் எல்லா ஜீப்பிலும் ஒன்றுதான். இழுவைக் கயிறு, காற்றடிக்கிற பம்ப், ஸ்பானர் பை, அடுப்பு, தார்ப்பாய். தேடுகிற சாமான் மட்டும் எப்போதும் அடியில் இருக்கும். சேலத்தில் அடுக்கி வைத்தது இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது வேறு வரிசையில் இருக்கும். இதற்கு இரண்டு டிராயர் உள்ள பிளைவுட் பெட்டி ஒன்று செய்து மாட்டினேன். மரவேலை தெரியாதவரும் செய்யலாம்.

முதலில் அளவு

நான் சறுக்கியது இங்கேதான். வண்டிக்குள் சக்கர வளைவுகளுக்கு நடுவே டேப் பிடித்து, அந்த அளவுக்கே பெட்டியைச் செய்தேன். பெட்டி உள்ளே போகவில்லை, ஏனென்றால் கதவு வாய் அதைவிடக் குறுகல். அதனால் கதவு வாயை அளந்துகொள்ளுங்கள். அதிலும் ரப்பர் பீடிங்கையும் பக்கத்து பிளாஸ்டிக்கையும் கழித்தபின் வருவதுதான் உங்கள் அகலம். அட்டைப் பெட்டியைக் கிழித்து அதே அளவில் ஒட்டி, ஒருமுறை உள்ளே விட்டுப் பாருங்கள். பின்சீட் சாய்கிறதா, ஸ்டெப்னி கழற்ற வழி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றினால்தான் இடம் கிடைக்கும் என்றால், ஆர்.சி.யில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கை மாறும். ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொண்டு கை வையுங்கள்.

பலகை

ஆசாரி அண்ணனிடம் 18 எம்எம் பிளைவுட் என்றேன். "தம்பி, வண்டிக்குப் பண்றீங்களா, பீரோவுக்கா?" என்றார். அவர் கேட்டது சரி. 12 எம்எம் போதும். கீழே வருகிற அளவுக்குப் பெட்டியும் டிராயரும் சேர்ந்து சுமார் 30 கிலோ வரும். 18 எம்எம்மில் செய்தால் அதோடு இன்னொரு பாதி கூடும். சாமான் ஏறுவதற்கு முன்பே வண்டி அவ்வளவையும் சுமக்கும்.

பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக இருக்கட்டும். எம்.ஆர். என்று விற்பது ஈரத்தை ஓரளவுதான் தாங்கும், வீட்டு அலமாரிக்குத்தான் சரி. ஏற்காட்டு மூடுபனியில் நாலு நாள் நின்ற வண்டிக்குள் அதன் ஓரம் ஊதிவிடும்.

என் பெட்டி 1000 எம்எம் அகலம், 650 ஆழம், 280 உயரம். மேலும் கீழும் 1000 x 650 பலகை இரண்டு. நிற்கிற பலகை மூன்று (இரண்டு ஓரம், ஒரு நடு), 650 x 256. நடுவில் கிடைக்கிற வாய் ஒவ்வொன்றும் 482. டெலஸ்கோபிக் சேனல் (டிராயர் வழுக்கி ஓடுகிற இரும்புத் தடம்) ஒவ்வொரு பக்கமும் நாலு நூல், அதாவது அரை இஞ்ச் கேட்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 26 எம்எம் கழித்தால் டிராயரின் வெளி அகலம் 456. இந்தக் கழித்தலில் 2 எம்எம் தப்பினாலும் டிராயர் இறுகும், அல்லது சேனல் கழன்று வரும். உயரம் அப்படிக் கறார் இல்லை. டிராயர் பக்கம் 220 போதும், ஆழம் 620, சேனல் 24 இஞ்ச். 8 x 4 ஷீட் ஒன்று போதாது, ஒன்றரை ஆகும்.

கடையிலேயே அறுத்துத் தருவார்கள். துண்டுக் கணக்கை எம்எம்மில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் தின்கிற 3 எம்எம்மையும் மறக்காதீர்கள்.

பூட்டுவது

பெட்டியைச் சேர்ப்பதற்கு முன்பே, நிற்கிற பலகைகளைத் தரையில் படுக்கவைத்துச் சேனலை மாட்டிவிடுங்கள். சேர்த்த பின் உள்ளே தலையை விட்டு ஸ்க்ரூ போடுவது கழுத்துவலி. எல்லாச் சேனலுக்கும் ஒரே உயரம் வர, ஒரே துண்டுக் கட்டையை அடியில் வைத்துக் கோடு போடுங்கள். முதலில் சேனலின் நீளத் துளைகளில் மட்டும் ஸ்க்ரூ, அதில் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யலாம். டிராயர் வழுக்கிப் போவதைப் பார்த்தபின் வட்டத் துளைகளில் போடலாம்.

12 எம்எம் ஓரத்தில் நேராக ஸ்க்ரூ அடித்தால் பிளந்துகொள்ளும். முதலில் மெல்லிய துளை, பிறகு பசை, பிறகு ஸ்க்ரூ. உள்மூலைகளில் ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டை கொடுத்தால் இன்னும் நல்லது. பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வந்தால் பெட்டி மூலைமட்டத்தில் இருக்கிறது.

தாழ்ப்பாள்

பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நான் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். டிராயர் பின்பக்கமாகத் திறக்கிறது. மலை ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே. ஏறுகிற வழியெல்லாம் உள்ளே இருக்கும் கனம் டிராயரைக் கதவின் மேல் தள்ளிக்கொண்டே வரும். காந்தப் பூட்டு, பீரோவுக்கு வைக்கிற பந்துப் பூட்டு எல்லாம் முதல் வளைவிலேயே கைவிடும். இரும்புத் தாழ்ப்பாள், சட்டத்துக்குள் நுழைகிற மாதிரி, டிராயருக்கு ஒன்று.

இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினால் கதை தலைகீழ். வெளியே இழுத்த டிராயர் தானாக உள்ளே ஓடி விரலைக் கடிக்கும். முழுக்கத் திறந்த நிலையிலும் டிராயர் அங்கேயே நிற்கும்படி இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள்.

வண்டியில் பிடிப்பது

தரைத்தகட்டில் கண்ணை மூடிக்கொண்டு துளை போடாதீர்கள். அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப், வயர் எதுவும் இருக்கலாம். சீட்டுக்கோ சாமான் கட்டவோ கம்பெனியே வைத்த போல்ட் துளைகளில் இரும்புப் பட்டை கொடுத்து முடுக்குங்கள். நடுவில் ரப்பர் துண்டு வைத்தால் கடகடப்பு குறையும். தகட்டு ஸ்க்ரூ நாலு போட்டு விட்டால், சட்டென்று பிரேக் அடிக்கும்போது மொத்தப் பெட்டியும் பின்சீட்டுக்காரர் முதுகுக்கு வரும்.

வெட்டிய ஓரங்களுக்குப் பசையை நீர்க்கக் கரைத்துப் பூசி, காய்ந்தபின் பிரைமரும் பெயிண்டும் இரண்டு கை. கார்பெட் அழகுதான், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நான் ஒட்டவில்லை.

கனமானதை சீட்டுப் பக்கம் வையுங்கள். கேஸ் டப்பாவை டிராயரில் பூட்டி வெயிலில் நிறுத்த வேண்டாம்.

முதல் ஓட்டம் சாமான் இல்லாமல், குப்பனூர் கொட்டச்சேடு வழியாக ஏறி, இருபது வளைவு வழியாக இறங்கினேன். கீழே வந்து ஸ்பானர் வைத்தபோது, நாலு போல்ட்டில் இரண்டு போல்ட் கால் சுற்று திரும்பின. உங்களுக்கும் திரும்பும். ஸ்பிரிங் வாஷர் போட்டு மறுபடி முடுக்குங்கள்.