வாடைக்காற்றுக்கு ஒரு சூடான பழப் பஞ்ச்

பாம்பனில் குளிர்காலம் என்று சொன்னால் மதுரைக்காரர்களே சிரிப்பார்கள். ஸ்வெட்டர் தேவைப்படாத ஊர்தான். ஆனாலும் மார்கழியில் மழை ஈரத்தோடு வாடை வீசும்போது, கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். முன்பெல்லாம் சுக்குக் காப்பி. இப்போது மூன்று வருடமாக எங்கள் வீட்டில் பழப் பஞ்ச்.

பஞ்ச் என்ற பெயரே ‘பஞ்ச’, அதாவது ஐந்து என்ற நம் நாட்டுச் சொல்லைக் கப்பல்காரர்கள் கொண்டுபோனதால் வந்தது என்பார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து. சாராயத்தைக் கழித்துப் பழச்சாற்றைச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும், பிள்ளைகளும் குடிக்கலாம்.

12 சின்ன டம்ளருக்கு: தண்ணீர் 1 லிட்டர், கருப்பட்டி 200 கிராம், 2 அங்குலப் பட்டை இரண்டு, கிராம்பு 6, ஏலக்காய் 5, அன்னாசிப்பூ 1, மிளகு 10, கட்டைவிரல் அளவு இஞ்சி. கமலா ஆரஞ்சுச் சாறு அரை லிட்டர் (பத்துப் பழமாவது வேண்டும்), அன்னாசிச் சாறு அரை லிட்டர், எலுமிச்சை 1, ஆப்பிள் 1, ஒரு சிட்டிகை உப்பு.

தண்ணீர் குடிதண்ணீராகவே இருக்கட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரின் உவர்ப்பை எந்த மசாலாவும் மறைக்காது. பாத்திரம் எவர்சில்வர். புளிப்புச் சாறு படுவதால் அலுமினியமும் பித்தளையும் வேண்டாம்.

1. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வைத்துக் கரையவிடுங்கள். கரைந்ததும் துணியில் வடிகட்டுங்கள். வடித்த துணியைப் பார்த்தால் ஏன் சொன்னேன் என்று புரியும்: மணல், தூசி, சில சமயம் ஓலைத் துணுக்கு.

2. வடித்த பாகுத் தண்ணீரை மறுபடி அடுப்பில் ஏற்றி, ஒன்றிரண்டாகத் தட்டிய மசாலாவையும் நசுக்கிய இஞ்சியையும் போட்டு மூடி, சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பொடியாக அரைத்துவிடாதீர்கள், கலங்கிப்போகும். கிராம்பில் கை தாராளம் கூடாது. முதல் வருடம் நான் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். ஒரு மடக்குக் குடித்த சித்தி, “ஏன்டி, பல்வலிக்கா மருந்து தர்றே?” என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

3. வடிகட்டி, மசாலாவை எறிந்துவிட்டு, தீயை நன்றாகக் குறைத்துப் பழச்சாறுகளை ஊற்றுங்கள். முழு வேலையிலும் கவனம் வேண்டிய இடம் இதுதான். மசாலா கொதித்தால்தான் சாரம் இறங்கும். சாறு கொதித்தால் மணம் போய், ஆரஞ்சு கசந்துவிடும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சுவதில்லை. பாத்திரத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஆவி எழும்பி, விளிம்பை ஒட்டிக் கடுகளவு குமிழிகள் வரிசை கட்டும். அந்த நேரம் அடுப்பை அணைக்க வேண்டும். நடுவில் ஒரு குமிழி பொங்கினாலும் தாமதம்தான். அன்னாசி நுரை மேலே நின்றால் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

4. அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து, உப்பைப் போட்டு, ருசி பாருங்கள். ஆரஞ்சுக்கு ஆரஞ்சு புளிப்பு மாறும், அதனால் என் அளவைவிட உங்கள் நாக்கை நம்புங்கள். இனிப்பு போதாவிட்டால் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு சேருங்கள். அப்புறம் ஒன்று, கருப்பட்டிதானே என்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தாராளமாக ஊற்றாதீர்கள். அதுவும் இனிப்புதான்.

பொடியாக நறுக்கிய ஆப்பிளை டம்ளரில் போட்டு மேலே ஊற்றிக் கொடுங்கள். படங்களில் பாத்திரம் முழுக்க ஆரஞ்சு வட்டங்கள் மிதக்கும். பார்க்க அழகு, ஆனால் சூட்டில் கிடக்கக் கிடக்கத் தோலின் கசப்பு இறங்கும். ஆசையாக இருந்தால் பரிமாறும்போது ஆளுக்கொன்று போடுங்கள். கூட்டம் அதிகமென்றால் குழாய் வைத்த டீ கேனில் ஊற்றிவைத்தால் சூடு நிற்கும். தொட்டுக்கொள்ளக் கீழக்கரைத் தொதல் வேண்டாம், இனிப்போடு இனிப்பு திகட்டும். முறுக்கு போதும்.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். நாங்கள் அதைச் சூடாக்குவதில்லை. காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில் வந்துவிடும், பிள்ளைகள் ஐஸ்கட்டி போட்டுக் குடித்துவிடுவார்கள்.